இரண்டாம் கியர் தேய்ந்த பக்கம்

அந்த எஞ்சின் மூன்று நாளாகக் குளியலறையில் கிடந்தது. வீட்டிலிருந்த மூன்று பேரும் அதைச் சுற்றி நின்று பல்லுத் தீட்டினார்கள். அதைத் தாண்டிப் போய்க் குளித்தார்கள். துவாய் அதன்மேல் விழுந்துவிடாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தார்கள்.

“பிரேதத்தைப் பக்கத்தில வைச்சுக்கொண்டு முழுகிற வீடு இந்த ஒஸ்லோ அம்மருட்டிலை எங்கட ஒண்டுதான்,” என்றாள் அருளானந்தனின் மனைவி மரியரஞ்சனி. “அடக்கம் எப்ப எண்டாவது சொல்லுங்கோவன்.”

“சனிக்கிழமைக்குள்ள முடிச்சிடுவன்.”

“ஞாயிறு தம்பியின்ர பிள்ளைக்கு முதல்நன்மை. எண்ணெய் மணத்தோடயோ நான் கோயிலுக்குப் போறது?”

ஞாயிற்றுக்கிழமை என்ற சொல்லை வீட்டில் யாரும் எடுக்காமலிருந்தால் அருளானந்தனுக்குப் போதுமாக இருந்தது. கவிழ்த்து வைத்த வாளியில் குந்தி, எஞ்சினை முழங்கால்களுக்கிடையில் இடுக்கிக்கொண்டு, அடுத்த நட்டுக்குச் சாவியைத் தேடினார்.

குளியலறையைத் தெரிந்தெடுத்ததற்கு இரண்டு காரணங்கள். கீழே வாகனங்கள் நிற்கும் இடத்தில் எதையும் கழற்றிப் பூட்டக்கூடாது என்று குடியிருப்புச் சங்கம் மூன்று மொழியில் ஒட்டிவைத்திருக்கிறது. மற்றது, வீட்டிலேயே தரை சூடாக இருக்கிற அறை அது ஒன்றுதான். ஐம்பத்துமூன்று வயது முழங்காலுக்கு அது பெரிய காரணம். பக்கத்து ஸ்டோவ்னரிலிருந்து கூட்டாளி ஜோர்ஜ் வந்து, மோட்டச்சைக்கிளின் சட்டத்திலிருந்து எஞ்சினை இறக்கி, பழைய பிள்ளைவண்டிலில் வைத்து, மேலே ஒரு போர்வையும் போர்த்தி லிஃப்டில் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். லிஃப்டில் கூட வந்த கிழவி போர்வைக்குள் எட்டிப் பார்க்க முயன்றதையும், “நித்திரை” என்று ஜோர்ஜ் நோர்வே மொழியான நொர்ஸ்க்கில் சொன்னதையும் அவன் அதற்குள் பாதிப் பேருக்குச் சொல்லியிருப்பான்.

அருளானந்தன் யாழ்ப்பாணம் குருநகரில் பிறந்தவர். இருபத்தாறு வயதில் நோர்வேக்கு வந்தவர். முதல் நாலு வருடம் வடக்கே மீன் தொழிற்சாலையில் கொட் மீனின் முதுகைக் கீறினார். பிறகு ஒஸ்லோ. ஆஸ்பத்திரிகளின் படுக்கைவிரிப்புகளைத் தோய்க்கிற ஒரு தொழிற்சாலையில் இது இருபத்திரண்டாவது வருடம். காலை ஐந்தரைக்கு மெஷினுக்கு முன்னால் நிற்க வேண்டும். ஈரவிரிப்புகளை மூலையில் பிடித்து, உதறி, உருளைகளுக்குள் கொடுக்க வேண்டும். ஒன்று போனால் அடுத்தது வரும். யார் படுத்தது, யார் எழும்பிப் போனது, யார் எழும்பாமல் போனது என்று முதலில் நினைத்துப் பார்த்தார். இப்போது மூலையை மட்டும்தான் பார்க்கிறார். ஒன்றரைக்கு வேலை முடிந்து வெளியே வரும்போது கைகள் தோளிலிருந்து தொங்குகின்றன என்ற எண்ணம்கூட வராது, தொங்கும்.

அந்த வாழ்க்கையில் அவருக்கென்று ஒன்று இருந்தது என்றால் மோட்டச்சைக்கிள்தான். ஒற்றைச் சிலிண்டர், இருபது வருடப் பழசு. சித்திரையில் பனி போனதும் வெளியே வரும், ஐப்பசியில் உள்ளே போகும். அதைப் போன ஆவணியில் மூன்று நாளுக்கு மைத்துனன் றொபினுக்குக் கொடுத்தார்.

றொபின் மனைவி ரஞ்சியின் கடைசித் தம்பி. ஒஸ்லோவுக்கு வெளியே திராமன் நகரில் இருக்கிறான். ஒன்பது வயதில் நோர்வேக்கு வந்தவன். பனிச்சறுக்கும் தெரியும், செபமாலையும் தெரியும். மேற்கே மலைப்பாதையில் ஒருதரம் ஓடிப் பார்க்க வேண்டும் என்று கேட்டான். கொடுத்தார். கழுவித் துடைத்து, தாங்கி நிறையப் பெற்றோலும் அடித்துத்தான் கொண்டுவந்து விட்டான். ஆனால் புரட்டாதியில் அது தொடங்கியது. இரண்டாம் கியரில் இறக்கத்தில் வரும்போது, அக்சிலேற்றரை விட்டதும் ‘டக்’கென்று கியர் கழன்று வெறுமையாகிவிடும். வண்டி பிடியில்லாமல் ஓடும். ஒருநாள் ரஞ்சி பின்னால் இருக்கும்போது கழன்றது. சந்தியில் திரும்பிக்கொண்டிருந்த பஸ்ஸின் பக்கவாட்டைத் தொட்டுக்கொண்டு நின்றார்கள். அன்றைக்கு இறங்கியவள் பிறகு ஏறவேயில்லை.

ஐப்பசியில் ரஞ்சியின் ஐம்பதாவது பிறந்தநாள். வீடு நிறையச் சனம். சாப்பாட்டுக் கோப்பையோடு நின்ற யாரோ மோட்டச்சைக்கிளைப் பற்றிக் கேட்டார்கள். அருளானந்தன் அதிகம் கதைக்கிறவர் இல்லை. அதிகம் கதைக்காதவர்கள் ஒருநாள் கதைத்தால் எல்லோரும் வாய்க்குள் சோற்றோடு திரும்பிப் பார்ப்பார்கள்.

“உங்கை நிக்கிறார் பாருங்கோ, என்ர கியரைத் திண்டவர்,” என்றார். “மூண்டு நாளிலை திண்டு முடிச்சவர். நான் பதினொரு வருஷம் ஓடினனான், ஒரு பல்லுப் போகேல்லை.”

சிரித்தார்கள். றொபினும் முதலில் சிரித்தான். பிறகு கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, மனைவியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு, கேக் வெட்டுவதற்கு முன்னமே போய்விட்டான்.

அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் கதை இல்லை. நத்தார் பண்டிகை வந்து போனது. தம்பியோடு கதைப்பதென்றால் ரஞ்சி பல்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். மைனஸ் பதினைந்திலும் போனாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் வாயிலிருந்து புகை வருவதை அருளானந்தன் சோபாவில் இருந்து பார்ப்பார். இப்போது வைகாசி. றொபினின் மகளுக்கு முதல்நன்மை, முதல்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். நெருங்கிய உறவென்றால் புருஷனும் பெண்சாதியும் நேரே வந்து, ஒரு தேத்தண்ணி குடித்து, கையில் அழைப்புக் கார்ட்டைத் தந்து சொல்லிவிட்டுப் போவதுதான் வழக்கம். இந்தக் கார்ட் தபாலில் வந்தது.

அதனால்தான் அவர் கியர்ப்பெட்டியைத் திறந்தார். வேலைக்குப் போக வண்டி வேண்டும் என்பது உண்மைதான். அதைவிட, தேய்ந்த கியரைக் கையில் எடுக்க வேண்டும் என்பது பெரிய உண்மை. ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, திராமனுக்குப் போய், றொபினின் மேசையில் வைத்து, ‘பார், நீ செய்த வேலை’ என்று சொல்ல வேண்டும். அவன் ஒத்துக்கொண்டால் போதும். பிறகு அவர் ஒன்றும் மனதில் வைக்கமாட்டார், முதல்நன்மைக்கும் போவார். எல்லாம் நேராகிவிடும் என்று நினைத்திருந்தார்.

திறப்பதற்கு முதல் செய்யவேண்டியதை எல்லாம் வரிசையாகச் செய்துதான் இருந்தார். சங்கிலி சரி. கிளச் வயர் சரி. கால் மிதியோடு சேர்ந்த சுருள்வில்லைக் கழற்றிப் பார்த்தார், முறியவில்லை. கடைசியாக எண்ணெயை இறக்கினார். அடித்திருகியின் காந்தத்தில் இரும்புத்தூள் மயிர்க்கட்டுப்போல நின்றது. விரலில் தேய்த்துப் பார்த்தார். மாவுபோல இருந்தால் வயசு, நெருடினால் வருத்தம். நெருடியது. பழுது உள்ளேதான்.

வியாழக்கிழமை பின்னேரம் எஞ்சின் இரண்டு பாதியாகப் பிரிந்தது. கழற்றிய ஒவ்வொன்றையும் கழற்றிய ஒழுங்கிலேயே ஒரு பழைய படுக்கைவிரிப்பில் அடுக்கினார். வேலையிலிருந்து கிழிசலென்று ஒதுக்கிய விரிப்பு. வாஷர் எந்தப் பக்கம் பார்த்திருந்ததோ அந்தப் பக்கமே பார்த்துக் கிடந்தது. கதவுக்கு வெளியே மகள் மேரின் நின்றாள்.

“அப்பா, நாளைக்கு எனக்கு எக்சாமன். காலமை ஷவர் வேணும்.”

“ஓம் மேரின், எடு. விரிப்பை மட்டும் மிதிக்காதை.”

“விரிப்பு ஷவருக்குள்ளதானே அப்பா இருக்கு!”

“அப்ப இண்டைக்கே குளி.”

“இப்ப நீங்கள் உள்ளுக்க இருக்கிறியள்!”

“அப்ப நாளைக்குக் குளி,” என்றார் அவர். அவள் நொர்ஸ்க்கில் ஏதோ சொல்லிக்கொண்டு போனாள். அவர் காதில் விழுத்தவில்லை. இரண்டு தண்டுகளையும் கியர்ச் சக்கரங்களோடு தூக்கி மடியில் வைத்திருந்தார், ஈரத் துணியில் சுற்றிய பிள்ளையைப் போல.

கியர்ச் சக்கரங்களின் வெளிப்பற்கள் எந்த நேரமும் ஒன்றையொன்று பிடித்தபடியேதான் சுற்றும். கியர் மாற்றும்போது நடப்பது வேறு. பக்கத்துச் சக்கரம் ஒன்று தண்டின்மேல் வழுக்கி வந்து, தன் கன்னத்தில் நிற்கிற கட்டைப்பற்களை மற்றதின் கன்னத்துப் பற்களுக்குள் நுழைத்துக்கொள்ளும், இரண்டு கை விரல்களைக் கோர்ப்பதுபோல. அந்த விரல்களின் ஓரம் மழுங்கினால் பிடி நிற்காது. இரண்டாம் கியரில் அவை மழுங்கியிருந்தன. சக்கரத்தைத் தள்ளுகிற கவைக்கம்பி வளையவில்லை. பெயாரிங் சத்தமில்லாமல் சுற்றியது. மற்ற எல்லாக் கியரும் நல்லபடி. இது ஒன்றுதான்.

“கண்டனான்,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஏழு மாதமாகக் காத்திருந்த இரும்பு. பல்விளக்குகிற கண்ணாடியின் வெளிச்சத்துக்குப் பிடித்தார்.

அப்போதுதான் அது கண்ணில் பட்டது. ஒவ்வொரு கட்டைப்பல்லுக்கும் இரண்டு முகம். ஒரு முகம் கடையில் வாங்கியதுபோல, நகம் வைத்தால் பிடிக்கிற கூர்மையோடு இருந்தது. மற்ற முகம் மட்டும்தான் தேய்ந்திருந்தது, முடிகிற சவர்க்காரத்துண்டின் ஓரம்போல. எல்லாப் பல்லிலும் அப்படியே.

எஞ்சின் டயரை உருட்டுகிறபோது ஒரு முகம் அழுத்தும். டயர் எஞ்சினை உருட்டுகிறபோது மற்ற முகம் அழுத்தும். முறுக்கி ஓடுகிறவன், மலையேறுகிறவன், றொபின் மாதிரி இளந்தாரி, தேய்த்தால் முதல் முகத்தைத் தேய்ப்பான். இங்கே அந்த முகத்துக்கு ஒன்றும் நடக்கவில்லை.

பிழையாகப் பார்க்கிறேன் என்று நினைத்தார். சக்கரத்தை மறுபக்கம் பிடித்திருப்பேன். தண்டுகளைப் பெட்டியின் பாதியில் பழையபடி இருத்தி, எஞ்சின் பக்கத்தைக் கையால் சுற்றிப் பார்த்தார். கூரான முகம்தான் அழுத்தியது. திரும்பவும் சுற்றினார். அதேதான். பிறகு எஞ்சின் பக்கத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, டயர் பக்கத்தை மற்றக் கையால் ஓடவிட்டு, இரண்டாம் கியரைத் தள்ளினார். பற்கள் உடனே நுழையவில்லை. ஓரத்தில் அடிபட்டு, சறுக்கி, ‘டக்’கென்று விழுந்தன.

அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் விடிய ஐந்து மணிக்குக் கேட்கிற சத்தம்.

நாலு வருடத்துக்கு முதல் தபால்பெட்டிக்குள் ஒரு துண்டு கிடந்தது. பெயரில்லை, மரியாதையான எழுத்து. காலை ஐந்து மணிக்கு மோட்டச்சைக்கிளின் சத்தத்தில் பிள்ளை எழும்பிவிடுகிறது, ஏதும் செய்ய முடியுமா என்று கேட்டிருந்தது. அருளானந்தனுக்கு அன்று முழுக்க முகம் சுட்டது. அடுத்த நாளிலிருந்து அவர் எஞ்சினைக் கட்டிடத்தடியில் ஸ்டார்ட் பண்ணவேயில்லை. முற்றத்தால் தள்ளிக்கொண்டு போய், இறக்கத்தின் தலையில் ஏறி இருந்து, சத்தமில்லாமல் உருண்டு, கீழே பெரிய வீதி தொடங்குமிடத்தில் இரண்டாம் கியரைப் போட்டுக் கிளச்சை விடுவார். எஞ்சின் ஒருதரம் தும்மி எழும்பும். பொத்தான் இருந்தது, அமத்தினால் போதும். கீழே வந்து நின்று அமத்தியிருக்கலாம். ஆனால் ஓடுகிற வண்டியை நிற்பாட்டி அமத்த அவருக்கு மனம் வரவில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் மோட்டச்சைக்கிள் பழகியவர் அவர். மண்ணெண்ணெயில் ஓடின அந்த வண்டிகளைத் தள்ளித்தான் எழுப்ப வேண்டும். முதலாம் கியரில் டயர் இழுபடும், மூன்றாமதில் எஞ்சின் சுற்றாது. இரண்டாமதுதான் என்று அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்தப் புத்தி இங்கே ஒரு வெள்ளைக்காரப் பிள்ளையின் நித்திரைக்கு உதவியதில் அவருக்கு ஒரு பெருமையும் இருந்தது. வசந்தகாலத்தில் எல்லோரும் கூடிக் குப்பை பொறுக்குகிற நாளில் சங்கத் தலைவி அவருடைய தோளில் தட்டி, உங்களுடைய வண்டி இப்போது இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை என்று சொல்லியிருக்கிறாள்.

வருடத்துக்கு ஏழு மாதம். நாலு வருடம். ஐந்நூறு விடியற்காலைக்கு மேல். கிளச்சைப் பிடித்தபடி உருளுகிறபோது எஞ்சின் பக்கம் செத்துக் கிடக்கும், டயர் பக்கம் ஓடும். ஓடுகிற பல்லை நிற்கிற பல்லோடு ஐந்நூறு தரம் மோதவிட்டது அவருடைய இடது கால்.

வாளியில் அப்படியே இருந்தார். தரை சூடாக இருந்தது.

“என்ன, கண்டு பிடிச்சிட்டியளோ?” ரஞ்சி கதவை அரைவாசி திறந்தாள். கையில் பற்றிஸ் பலகாரத்துக்குப் பிசைந்த மா ஒட்டியிருந்தது.

“ஓம். ரெண்டாம் கியர் தேஞ்சிருக்கு.”

“அப்ப அவன்தானோ?”

அவர் சக்கரத்தைத் துணியால் துடைத்தார். துடைத்த இடத்தையே துடைத்தார்.

“சாமான் மாத்தோணும். ஜோர்ஜிட்டைக் கேப்பம்.”

அவள் கதவைச் சாத்தினாள், பல்கனிக் கதவைச் சாத்துவதுபோல மெல்ல.

அன்று அவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்று படுக்கப் போகும்போது நினைத்துப் பார்த்தார். உண்மைதான், சொல்லவில்லை. புதுக் கியரைப் போட்டால் கழலாது. பழையதைக் குப்பையில் போட்டால் யாருக்கும் தெரியாது. இரண்டு முகம் இருக்கிறதென்று இந்த ஒஸ்லோவில் எத்தனை தமிழருக்குத் தெரியும்? களைத்த மனிதனுக்கு இதைவிட வசதியான வழி கிடையாது. எல்லாம் இருந்தபடியே இருக்கும். றொபின் குற்றவாளியாக இருக்கப் பழகிவிட்டான், அவரும் மன்னிக்காதவராக இருக்கப் பழகிவிட்டார்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து ஸ்டோவ்னருக்குப் போனார். விழுந்து நொருங்கிய மோட்டச்சைக்கிள்களை வாங்கிப் பிரித்து வைப்பது ஜோர்ஜைப் பிடித்த வருத்தம். அதே வகை எஞ்சின் ஒன்று அவனுடைய அறையில் இருந்தது. இரண்டாம் கியரையும் அதோடு கோர்க்கிற சக்கரத்தையும் சோடியாக எடுத்துத் தந்தான்.

“ஒண்டை மட்டும் மாத்தாதை மச்சான். பழசு புதுசைத் திண்டிடும்.”

“தெரியும்.”

“பழசைக் கொண்டுவந்தனியோ? பாப்பம், அந்தத் திராமன்காரன் என்ன செய்தவனெண்டு.”

“வீட்டில கிடக்கு,” என்றார். அது அவருடைய ஜக்கெற் பைக்குள் கிடந்தது.

பெட்டியின் இரண்டு பாதியும் பொருந்த வேண்டுமென்றால் அலுமினியத்தைச் சூடாக்க வேண்டும். பின்னேரம் ரஞ்சி கடைக்குப் போன நேரம் பார்த்து ஒரு பாதியைக் கேக் அடுப்பில் நூறு பாகையில் வைத்தார். பெயாரிங் தன்பாட்டில் போய் இருந்தது. தண்டு, சக்கரம், வாஷர், கவைக்கம்பி என்று விரிப்பில் கிடந்த ஒழுங்கைப் பின்னாலிருந்து முன்னுக்கு வாசித்துக்கொண்டு வந்தார். கையால் சுற்றி ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்த்தார். இரண்டாமது விழுந்தது. இழுத்துப் பார்த்தார், விடவில்லை. நல்ல வேலை. சந்தோஷம் வரும் என்று பார்த்தார். முதுகு நொந்தது.

ரஞ்சி வந்து அடுப்பைத் திறந்தாள், எஞ்சின் எண்ணெய் மணம் முகத்தில் அடித்தது.

“என்ர கடவுளே! நாளைக்கு இதுக்குள்ளதான் நான் பட்டர் கேக் வைக்கிறது! பிள்ளையின்ர முதல்நன்மைக்கு கிறீஸ் கேக்கோ?”

“கழுவித் தாறன்.”

“நீங்கள் ஒண்டும் கழுவ வேண்டாம். தோய்ச்சது காணும் உங்களுக்கு.” பிறகு, முகத்தைத் திருப்பாமலே சொன்னாள். “நாளைக்குக் காலமை அவன் வாறான். எஞ்சினைக் கீழை கொண்டுபோய்த் தூக்கிப் பூட்ட ரெண்டு பேர் வேணுமெல்லே. நான்தான் கூப்பிட்டனான். ஜோர்ஜுக்கு நாளைக்கு வேலை.”

“றொபினோ?”

“வேறை எந்தத் தம்பி எனக்கு இருக்கிறான்?”

சனிக்கிழமை பத்து மணிக்கு றொபின் வந்தான். தாடியில் ஒன்றிரண்டு நரை விழுந்திருந்தது. முப்பத்தெட்டு வயசுக்கு அது அதிகம். சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்தான். அக்காவின் தோளில் கையை வைத்துவிட்டு நேரே குளியலறை வாசலில் வந்து நின்றான்.

“அத்தான்.”

“வா.”

இரண்டு பேரும் எஞ்சினைப் பார்த்தார்கள். பார்க்க ஒரு பொருள் இருந்தது நல்லதாகப் போயிற்று.

“அத்தான், தூக்கிறதுக்கு முதல் ஒண்டு சொல்லோணும்.” சொற்களை வழி முழுக்க ரயிலில் அடுக்கிக்கொண்டு வந்தவன்போல வேகமாகச் சொன்னான். “அது நான்தான். மலையில ஒரு வளைவில முறுக்கி ஏறேக்கை கியரை மாறிப் போட்டிட்டன். பெரிய சத்தம் ஒண்டு வந்தது. உங்களுக்குச் சொல்லோணுமெண்டுதான் இருந்தனான், வெக்கத்தில விட்டிட்டன். அண்டைக்கு நீங்கள் எல்லாருக்கும் முன்னால சொல்லேக்கை, உங்களோட கோவமெண்டு போகேல்லை. அந்தச் சத்தம் கேட்டது எனக்குத்தானே தெரியும். மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

குசினியில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. ரஞ்சி கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அருளானந்தனுக்கு முன்னால் எல்லாம் திறந்து கிடந்தது. தலையை ஆட்டினால் போதும். ‘பரவாயில்லை, விடு’ என்றால் போதும். பெருந்தன்மையான அத்தான் என்று பெயரும் வரும். அவர் நினைத்த மேசைகூடத் தேவைப்படவில்லை, அவன் வாசலிலேயே வந்து ஒத்துக்கொண்டுவிட்டான். ஆனால் அந்த முகத்தைப் பார்த்தார். செய்யாத ஒன்றைச் சுமந்து சுமந்து முகம் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது.

“அந்தச் சத்தத்தால ஒண்டும் நடக்கேல்லை,” என்றார்.

“என்ன அத்தான்?”

ஜக்கெற்றைப் போய் எடுத்துவந்து, பையிலிருந்து பழைய சக்கரத்தை எடுத்துக் கொடுத்தார். “இந்த முகத்தைத் தடவிப் பார். கூரா இருக்கோ? நீ முறுக்கினது, நீ மாறிப் போட்டது எல்லாம் இந்தப் பக்கத்திலதான் பட்டிருக்கும். ஒரு கீறல் இல்லை. இப்ப மற்றப் பக்கத்தைத் தடவு.”

றொபின் தடவினான்.

“விடிய நான் சத்தமில்லாமல் உருண்டு போறனானெல்லே. கீழை போய் செகண்டைப் போட்டு எழுப்புறது. நாலு வருஷம். அதுதான் அது. நான்தான்.”

அவன் சக்கரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். விளங்குகிறது என்பது தெரிந்தது, அவனுக்கு எஞ்சின் தெரியும். ஆறுதல் வரும் என்று அருளானந்தன் காத்திருந்தார். வந்தது வேறு. அவனுடைய காது சிவந்தது.

“எப்ப தெரியும் உங்களுக்கு?”

“முந்தநாள்.”

“முந்தநாள் எனக்கு ஒரு ஃபோன் எடுக்கேல்லை.”

“எடுக்கேல்லை.”

“நான் இப்ப ஒண்டும் சொல்லாமல் இருந்திருந்தால்?”

அருளானந்தன் யோசித்தார். பொய் சொல்லக் கொஞ்சம் பலம் வேண்டும், அது அவரிடம் இல்லை. “தெரியாது, றொபின்,” என்றார்.

“ஏழு மாசம் அத்தான். சொந்தமா ஒண்டு வாங்குவமெண்டு பாத்து வைச்சிருந்தனான். வேண்டாமெண்டு விட்டன். மற்றவன்ர சாமானை உடைக்கிறவனுக்கு ஏன் எண்டு. வேலையில ஒரு லொறியைப் பின்னுக்கு எடுக்கக்கூட மற்றவனைக் கூப்பிட்டனான்.” குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நல்லாக இருந்திருக்கும். “பிடியுங்கோ. தூக்குவம்.”

எஞ்சினைப் பிள்ளைவண்டிலில் வைத்து இறக்கினார்கள். கீழே வெயில். மணல் கூட்டித் தள்ளிய முற்றத்தில், சங்கத்தின் விதியை இரண்டு மணித்தியாலம் மறந்துவிட்டு, சட்டத்துக்குள் அதைத் தூக்கி இருத்தினார்கள். “இடப்பக்கம்.” “இன்னும் கொஞ்சம்.” “பிடி.” “சரி.” அவ்வளவுதான் கதை. நாற்பது கிலோ இரண்டு பேருக்கும் சரியாகப் பாதி. எண்ணெய் விட்டு, சங்கிலி பூட்டி முடிந்ததும் றொபின் பொத்தானை அமத்தினான். எஞ்சின் எழும்பியது. அவனே ஏறி இறக்கத்தால் போய், திரும்பி வந்தான். நாலு தரம் அக்சிலேற்றரை விட்டுப் பார்த்தானாம். கழலவில்லை.

ரஞ்சி தேத்தண்ணியோடு கீழே வந்தாள். அவன் குடிக்கவில்லை. கையைப் புல்லில் துடைத்தான்.

“நீங்கள் அண்டைக்கு எல்லாருக்கும் முன்னால சொன்னனீங்கள்,” என்றான். “நாளைக்கு அதே ஆக்கள்தான் எங்கட வீட்டை வருவினம். பிள்ளையின்ர நாளில அங்கை வைச்சுக் கியர்க்கதை ஒண்டும் வேண்டாம். அதுக்கு முதல் நீங்கள் சொல்லி முடியுங்கோ. ஒவ்வொராளாய்.”

“எல்லாருக்குமோ?”

“எல்லாருக்கும். பூசை பத்தரைக்கு. அக்கா, நேரத்துக்கு வாங்கோ.” கொஞ்சத் தூரம் போய்த் திரும்பினான். “ரெண்டு பேரும்.”

அருளானந்தன் மேலே வந்து, கையைக்கூட முழுதாகக் கழுவாமல், சோபாவில் இருந்தார். பிறந்தநாளுக்கு வந்தவர்களை ரஞ்சி ஒரு கடித உறையின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தாள். பிள்ளைகளை விட்டுப் பத்தொன்பது பேர். பிறகு அவள் கேக்குக்கு முட்டை அடிக்கப் போனாள். பல்கனிக் கதவு திறந்தபடி இருந்தது.

முதலில் ஜோர்ஜ். கேட்டுவிட்டு மூச்சுத் திணறச் சிரித்தான். “அப்ப உன்ர கியரை நீயேதான் திண்டனியோ மச்சான்! பொறு, இதை நான் வேலையில நிக்கிற பெடியளுக்குச் சொல்லோணும்.” சொல்லு என்றார். இரண்டாவது அனுஷன். “ஓமோம் அண்ணை, விளங்குது. நாளைக்கு நல்ல நாள், சமாதானத்துக்குச் சொல்லுறியள். நல்ல மனசு உங்களுக்கு.” இல்லை தம்பி, சமாதானத்துக்கில்லை, உண்மையிலேயே நான்தான் என்றார். “ஓமண்ணை, ஓமண்ணை,” என்றான் அனுஷன். கட்டைப்பல், இரண்டு முகம், டயர் பக்கம், எஞ்சின் பக்கம் என்று முதலிலிருந்து சொன்னார். நம்புகிற வரைக்கும் சொன்னார். நாலாவது ஆள் எடுக்கவில்லை. ஐந்தாவது ஆள் நடுவில் வேறு அழைப்பு வந்து வைத்துவிட்டார். அவருக்குத் திரும்ப எடுத்தார்.

ஆறாவது ஸ்டோவ்னர் தங்கேஸ்வரி அக்கா. எழுபது வயசு. காது கொஞ்சம் மந்தம். பிறந்தநாள் அன்று வாசலோரமாக இருந்து எல்லாவற்றையும் கேட்டவர்.

“ஆர், அருளோ? என்ன தம்பி, சுகமோ? குரல் ஒரு மாதிரிக் கிடக்கு.”

“சுகம் அக்கா. கொஞ்சம் களைப்பு. அக்கா, அண்டைக்கு ரஞ்சியின்ர பிறந்தநாளில நான் றொபினைப் பற்றி ஒண்டு சொன்னனானெல்லே, கியரை அவன் பழுதாக்கினவனெண்டு.”

“ஓம், சொன்னனீர். பாவம் அந்தப் பெடியன், முகம் செத்துப் போச்சு.”

“அது பிழை அக்கா. அவனில்லை. நான்தான்.”

மறுபக்கத்தில் தொலைக்காட்சியின் சத்தம் குறைந்தது. கதிரை ஒன்று இழுபட்டது. அக்கா வசதியாக இருந்துகொள்கிறார்.

“சரி, சொல்லும் தம்பி,” என்றார். “முதல், கியரெண்டால் என்ன?”

அருளானந்தன் கண்ணை மூடிக்கொண்டார். எடுக்காத அந்த ஆளோடு பட்டியலில் இன்னும் பதினாலு பேர்.

“அக்கா,” என்றார், “ரெண்டு கை விரலையும் இப்பிடிக் கோர்த்துப் பிடியுங்கோ பாப்பம்.”